எஃப் கார்டுக்கு ஒரு வைத்தியர்

கிட்டார் வாங்கி ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. யூடியூப் பார்த்தே நாலைந்து கார்டு, பத்துப் பாட்டு வரைக்கும் வந்துவிட்டேன். எஃப் கார்டு மட்டும் வரவில்லை. ஆறு கம்பியில் மூணு ஊமையாகவே இருக்கும். போதாக்குறைக்கு மணிக்கட்டில் வலி வேறு. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல் விரல் வளையாது போல என்று முடிவு பண்ணி, கிட்டாரை விற்றுவிடலாம் என்றுகூட இருந்தேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு வகுப்பு போய்ப் பார்ப்போம் என்று வடபழனியில் ஒரு மாஸ்டரைப் பிடித்தேன். சினிமா ரெக்கார்டிங்கில் வாசிப்பவர், வீட்டில் தனித்தனியாகச் சொல்லித் தருகிறார். மணிக்கு 700 ரூபாய். கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

முதல் கால் மணி நேரம் அவர் எதுவும் சொல்லித் தரவில்லை. "உங்களுக்குத் தெரிஞ்சதை வாசிங்க சார்" என்று உட்கார்ந்துவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எஃப் வந்ததும் நிறுத்தச் சொல்லி, என் கிட்டாரை வாங்கி அதே கார்டைப் பிடித்தார். அவர் முகமும் கோணியது!

"விரல் மேல பழி போடாதீங்க. நட்டு உயரமா இருக்கு."

நட்டு என்பது கிட்டார் கழுத்தின் மேல் முனையில், கம்பிகள் உட்கார்ந்து போகும் சின்னப் பட்டை. அதில் வெட்டியிருக்கும் பள்ளம் ஆழம் பத்தாவிட்டால் கம்பி மேலே தூக்கி நிற்கும். அதனால் அதிகம் அடிபடுவது முதல் ஃப்ரெட்தான். 648 மில்லிமீட்டர் நீளக் கம்பியில், நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் சுமார் 36 மில்லிமீட்டர்தான் தள்ளியிருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் உயரமான கம்பியை அமுக்க நிறைய பலம் வேண்டும். அப்படி அமுக்கும்போது கம்பி இழுபட்டு சுருதியும் ஏறிவிடும். எஃப் கார்டு உட்காரும் இடம் சரியாக அதே முதல் ஃப்ரெட்.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒரு கம்பியை மூணாவது ஃப்ரெட்டில் அமுக்கிக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மயிரிழை அளவுதான் இருக்க வேண்டும். எனக்கு விசிட்டிங் கார்டே நுழைந்தது. இன்னொரு வழி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டிவிட்டு, அதற்கு அடுத்த ஃப்ரெட்டில் அதே வடிவத்தைப் பிடிப்பது. திடீரென்று சுலபமாகிவிட்டால் சந்தேகம் நட்டு மேல்தான். பள்ளத்தை அரத்தால் ஆழப்படுத்துவது ரிப்பேர்காரர் வேலை. நாமே ராவப் போய்க் கொஞ்சம் கூடிவிட்டால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரையும், அப்புறம் நட்டையே மாற்ற வேண்டியதுதான்.

ரெண்டு வருஷமாக நான் பார்த்த வீடியோக்களில் நல்ல வாத்தியார்கள் உண்டு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் யாரும் என் கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்க்க முடியாதே.

நட்டைச் சரி பண்ணியபின் கார்டு பாதி வந்தது. மீதி என் தப்பு. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சமமாக நசுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். தேவையே இல்லை. எஃப்-ல் மூணு, நாலு, அஞ்சாவது கம்பிகளை மற்ற மூணு விரல்கள் மேல் ஃப்ரெட்டுகளில் பார்த்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரல் ஒழுங்காக அமுக்க வேண்டியது ஒண்ணு, ரெண்டு, ஆறு மட்டும். விரலை லேசாகப் பக்கவாட்டில் சாய்த்து, ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல வைத்தால் பாதி பலம் போதும். கட்டைவிரலால் இடுக்கி மாதிரி நெரிக்காமல் முழங்கையின் எடையால் பின்னுக்கு இழுக்கச் சொன்னார். மணிக்கட்டு வலிக்குக் காரணம், கிட்டார் கழுத்தைத் தரையை நோக்கித் தொங்கவிட்டுக் கையை மடித்து வாசித்ததுதான். "விரல் நுனி எரிஞ்சா பரவாயில்ல, மணிக்கட்டு வலிச்சா உடனே நிறுத்தணும்" என்பது அவர் போட்ட முதல் சட்டம்.

ரொம்ப வெட்கப்பட வைத்தது தாளம்தான். கார்டு மாற்றும்போதெல்லாம் என் வலது கை இடது கைக்காக நின்று காத்திருக்கிறதாம். "அப்படி இல்லையே சார்" என்றேன். போனில் ரெக்கார்ட் பண்ணிப் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு மாற்றத்திலும் அரை விநாடிப் பள்ளம். ரெண்டு வருஷம் தினமும் வாசித்த எனக்கு அது ஒரு நாளும் கேட்டதில்லை. மெட்ரோனோமை 60-ல் வைத்து, தப்பான கார்டு விழுந்தாலும் வலது கை நிற்கக் கூடாது என்றார். ஒரு மாசம் இதே வேலை.

அதற்காக வாத்தியார் சொல்வதெல்லாம் வேதம் என்றும் இல்லை. வலது கை நகம் வளர்ப்பது பற்றி இவர் ஒன்று சொல்கிறார், வேறு வாத்தியார்கள் வேறு சொல்கிறார்கள். இது பழைய சண்டை. 19-ஆம் நூற்றாண்டில் பெர்னாண்டோ சோர் விரல் சதையால் வாசித்தார், டியோனிசியோ அகுவாடோ நகத்தால். இருவரும் ஸ்பெயின்காரர்கள், பாரிசில் நண்பர்களாக இருந்தவர்கள். இருவருமே கிட்டார் பாடப் புத்தகமும் எழுதியிருக்கிறார்கள். தாங்கள் இருவரும் சேர்ந்து வாசிக்க 'இரு நண்பர்கள்' என்ற பெயரில் சோர் ஒரு டூயட்டே எழுதினார்.

வாத்தியார் தேடுபவர்களுக்கு என் அளவுகோல் ஒன்றுதான். முதல் வகுப்பில் யார் அதிகம் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள். இவருக்கு முன்னால் ஒருவரிடம் டெமோ போயிருந்தேன். நாற்பது நிமிஷம் அவரே சோலோ வாசித்துக் காட்டினார். பிரமாதமான கை. நான் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

இப்போது எஃப் பத்துக்கு எட்டு தடவை சுத்தமாக விழுகிறது. அடுத்தது பி மைனர். "ஆள்காட்டி விரல் எந்தெந்தக் கம்பியை அமுக்கணும்னு நீங்களே கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அஞ்சாவதும் ஒண்ணாவதும்தான் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை வகுப்பு.