மாலை கழற்றிய மறுநாள்

குலசேகரப்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டுவிட்டால் தூத்துக்குடிப் பக்கத்தில் எத்தனையோ பேர் குடியைத் தொடமாட்டார்கள். கடற்கரைக் கிறிஸ்தவ ஊர்களில் தவக்காலத்திலும் இதே கதைதான். மாலையைக் கழற்றிய மறுநாள், ஈஸ்டர் கழிந்த மறுநாள், அதே ஆள் டாஸ்மாக் வாசலில் நிற்பார். “மனசு வச்சா விட்டுருவான், வைக்க மாட்டேங்கான்” என்று வீட்டில் புலம்புவார்கள். பாதிதான் சரி. அவருக்கு நிறுத்தத் தெரியும். நிறுத்தியபிறகு வரும் சாதாரண நாட்களை எப்படிக் கழிப்பது என்பதுதான் தெரியாது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., நடத்தும் கூட்டங்கள் அந்த நாட்களுக்கானவை.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் தொடங்கியது இது. இருவருமே குடிநோயாளிகள். தன்னைப் போன்ற இன்னொருவரிடம் பேசும்போது குடிக்கும் வேகம் அடங்குவதைக் கண்டார்கள். இன்றுவரை கூட்டத்தில் நடப்பதும் அதுதான். ஒருவர் தலைமை தாங்குவார். மற்றவர்கள் முறை வைத்துத் தம் கதையைச் சொல்வார்கள். இடையில் யாரும் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. பேச விருப்பமில்லாதவர் பேசாமல் கேட்டுவிட்டு எழுந்து வரலாம். பதிவுக் கட்டணம், சந்தா எதுவும் கிடையாது. செலவுக்கு உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுவார்கள். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம்.

பல ஊர்களில் கூட்டம் கோவில் வளாகத்திலோ பங்குப் பள்ளியிலோ நடப்பதால், இது சாமியார்கள் வேலை, மதம் மாற்றுகிற வேலை என்று ஒரு பேச்சு உண்டு. கிடைத்த இடத்தில் நடத்துகிறார்கள், அவ்வளவுதான். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே சொல்லியிருக்கிறது.

கூட்டத்துக்குப் போகுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட்டே ஆகவேண்டிய நிலையில் இருப்பவர் திடீரென நிறுத்தக் கூடாது. இரண்டு, மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் போகவேண்டிய இடம் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே நடுக்கத்தைக் கடந்தபிறகு கூட்டம். அதுபோல, ‘சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார்’ என்று விற்கும் பொடிகள் வேண்டவே வேண்டாம். குடியைத் தடுக்க மருத்துவர் தரும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தும், உட்கொள்கிறவருக்குத் தெரிந்தே தரவேண்டியது. தெரியாமல் தின்று அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழுந்துவிடலாம்.

கூட்டம் எங்கே, எப்போது என்பதை ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்தில் ஊர் பார்த்துத் தேடலாம். போதை மீட்புக்கான 14446 என்ற தேசிய இலவச எண்ணிலும், மாநிலத்தின் 104இலும் உதவி கேட்கலாம். மனநலப் பிரிவில் விசாரிப்பது இன்னும் சுலபம்.

நேரம்தான் இந்தக் கரையில் சிக்கல். விசைப்படகுக்காரர் அதிகாலை ஐந்துக்குப் போய் இரவு ஒன்பதுக்குக் கரை சேர்கிறார். ஏழு மணிக் கூட்டம் அவருக்கு ஆகாது. உப்பளத்துக்காரருக்கு அதே நேரம் பொருந்தும். ஞாயிறன்று கடலுக்குப் போகாத ஊர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமே கை கொடுக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேலையும் இல்லை, பொழுதும் போகாது. குடிக்கு அதைவிட வசதியான காலம் வேறில்லை. ஆனால் புதிதாக வருகிறவரிடம் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் வரச் சொல்வது ஏ.ஏ.யில் பழைய வழக்கம். அதில் மூன்றில் இரண்டு பங்கை அந்தத் தடைக்காலத்திலேயே முடித்துவிடலாம். நேரில் முடியாத நாளுக்குத் தமிழில் இணையவழிக் கூட்டங்களும் நடக்கின்றன.

“நம்ம தெரு ஆளே அங்க இருப்பானே” என்ற தயக்கம் நியாயமானது. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒருவர் தும்மினால் அடுத்த சந்துக்குக் கேட்கும். கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது கூட்டத்தின் முதல் ஒழுங்கு. ஆனாலும் மனசு ஒப்பவில்லை என்றால் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறலாம். ஒரு கூட்டம் பிடிக்காமல் போனால் வேறொன்றைப் பார்க்கலாம். ஆட்கள் மாறினால் கூட்டத்தின் முகமும் மாறும்.

இதனால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் இதுபற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ. பக்கம் ஆளைக் கொண்டுசேர்க்கும் சிகிச்சை மற்ற முறைகளைவிட முந்தியிருந்தது. எல்லாருக்கும் பலிக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை.

குடிப்பவரை ‘கல்யாண வீடு’ என்று பொய் சொல்லிக் கூட்டத்துக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பவர்கள் உண்டு. அப்படி வந்தவர் அடுத்தமுறை அந்தத் தெருப் பக்கமே வரமாட்டார். வெளியாரும் வரக்கூடிய திறந்த கூட்டம் என்று ஒன்று உண்டு. “சும்மா நானும் வாரேன்” என்று மனைவியோ அண்ணனோ கூடப் போய் உட்காரலாம். அவர் வரவே மறுத்தாலும் வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்தினருக்கென்றே 1951இல் தொடங்கிய அல்-அனான் தனியாகக் கூடுகிறது. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் அவர்கள் போகலாம்.