240 மணி நேரமும் 80,000 மணி நேரமும்

இருபது மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்குப் பத்து டாலர் என்று யாரோ ஒரு நன்கொடையாளர் கொடுத்த பணம் இருக்கிறது. அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மலேரியாவைத் தடுக்கக் கொசுவலை கொடுக்கும் அமைப்பு, கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு உதவும் அமைப்பு, ஏழைக் குடும்பங்களின் கையில் நேரடியாகப் பணமே கொடுக்கும் அமைப்பு என்று சில பெயர்களைச் சொல்கிறார்கள். எதற்குக் கொடுப்பது என்று பேசி முடிவுசெய்ய வேண்டும். 'கிவிங் கேம்' எனப்படும் இந்தப் பயிற்சி மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. தொடக்கத்தில் அவரவர் மனத்துக்குப் பட்டதைச் சொல்வார்கள். பிறகு யாராவது ஒருவர் "ஒரு வலைக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். பேச்சு அங்கேதான் சூடு பிடிக்கும்.

ஒரு வலையை வாங்கி, ஊர் சேர்த்து, வீட்டில் கட்டித்தர ஏறக்குறைய 5 டாலர் ஆகும். மலேரியாவால் ஆண்டுதோறும் சுமார் 6 லட்சம் பேர் இறக்கிறார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயதைத் தாண்டாத குழந்தைகள். இதைக் கேட்ட பிறகு அந்தப் பத்து டாலரை முன்போலப் பார்க்க முடிவதில்லை.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம் வீடுகளில் சொல்வது சிக்கனத்துக்காக. இந்த மாணவர்கள் அதைத் தர்மத்துக்கும், அதைவிட முக்கியமாகத் தங்கள் வேலைக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். இவர்கள் சார்ந்த இயக்கத்தின் பெயர் 'எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்'. பலன் அறிந்து செய்யும் பிறர்நலம் என்று தமிழில் சொல்லலாம். உதவும் மனம் இருந்தால் மட்டும் போதாது, உதவி எத்தனை பேருக்கு எவ்வளவு பயன்பட்டது என்றும் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இந்தச் சிந்தனைக்கு விதை விழுந்தது நம் அண்டையில் நடந்த ஒரு பெருந்துயரின்போது. 1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த பீட்டர் சிங்கர் என்ற இளம் ஆஸ்திரேலியத் தத்துவவாதி அதைப் பற்றி எழுதிய கட்டுரை 1972-இல் வெளிவந்தது. கண்ணெதிரே குளத்தில் ஒரு குழந்தை மூழ்கினால் உடுப்பு நனையுமே என்று பார்க்க மாட்டோம். அதே குழந்தை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மட்டும் கடமை எப்படிக் குறையும் என்று அவர் கேட்டார். அரை நூற்றாண்டாகத் தத்துவ வகுப்புகளில் இந்தக் கேள்வி சுற்றிவருகிறது.

கேள்வி அமைப்பாக மாறியது 2009-இல். ஆக்ஸ்ஃபோர்டில் டோபி ஆர்ட், வில்லியம் மெக்காஸ்கில் என்ற இரண்டு இளம் தத்துவவாதிகள் 'கிவிங் வாட் வீ கேன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வாழ்நாள் முழுக்க வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதாக அன்று 23 பேர் உறுதி எழுதினார்கள். இன்று அந்த எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் பேசப் பேச அவர்களுக்கு இன்னொன்று புரிந்தது. இருபது வயது மாணவனிடம் பணம் இல்லை; காலம் இருக்கிறது. வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 50 வாரம், 40 ஆண்டு என்று பெருக்கினால் 80,000 மணி நேரம். 2011-இல் பெஞ்சமின் டாட் என்ற மாணவருடன் சேர்ந்து மெக்காஸ்கில் தொடங்கிய வேலை வழிகாட்டி அமைப்புக்கு '80,000 ஹவர்ஸ்' என்று இதனால்தான் பெயர் வந்தது.

வேலையை எப்படி அளப்பது? கேம்பிரிட்ஜில் படித்த ஒரு மருத்துவ மாணவரின் கணக்கை மெக்காஸ்கில் தன் புத்தகத்தில் விவரிக்கிறார். உயிர்களைக் காப்பாற்றவே மருத்துவம் படிக்க வந்தவர் அந்த மாணவர். ஒரு மருத்துவர் வாழ்நாளில் எத்தனை உயிரைக் காக்கிறார் என்று கணக்கிடத் தொடங்கினார். மருத்துவத் துறையின் மொத்தப் பலனை மருத்துவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் பெரிய எண் வந்தது. ஆனால் அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பிரிட்டனில் ஏற்கெனவே ஏராளமான மருத்துவர்கள் இருக்கிறார்கள்; அங்கே கூடுதலாக ஒருவராக நான் சேர்ந்தால் என்ன மாறும்? அப்படிக் கேட்டதும் எண் பல மடங்கு சுருங்கியது. மருத்துவர் குறைவாக உள்ள நாட்டில் அதே ஆள் அதே வேலையைச் செய்தால் எண் மீண்டும் பெருகும். மருத்துவத் தொழிலை இந்தக் கணக்கு சிறுமைப்படுத்தவில்லை. நான் இல்லாவிட்டாலும் நடந்திருக்கும் காரியம் எது, நான் போனால்தான் நடக்கும் காரியம் எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. பிரச்சினை எவ்வளவு பெரியது, எவ்வளவு பேர் ஏற்கெனவே அதைக் கவனிக்கிறார்கள், முயன்றால் தீருமா என்ற மூன்று கேள்விகளும் இதே போக்கில் வருபவை. மாணவர் குழுக்களில் அடிக்கடி காதில் விழுபவை இவைதாம்.

குழு என்றால் பெரிய சங்கம் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் ஐந்தாறு பேர், ஒரு வகுப்பறை, வாரத்துக்கு ஒரு மாலை. புதிதாக வருபவர்களுக்கு எட்டு வாரம் அளவில் ஓர் அறிமுகப் படிப்பு இருக்கும். வீட்டில் படித்துவிட்டு வந்து விவாதிக்க வேண்டும். அங்கே பேசப்படுபவற்றில் ஒன்று நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்தது: குடற்புழு நீக்க மாத்திரை. கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்ததும் பள்ளிக்கு வராமல் நிற்பது நான்கில் ஒரு பங்கு குறைந்தது என்று மைக்கேல் கிரெமரும் எட்வர்ட் மிகுவெலும் 2004-இல் எழுதினார்கள். செலவோ மிகக் குறைவு. 2015-இல் இந்தியாவும் பிப்ரவரி 10-ஐக் குடற்புழு நீக்க நாளாக்கியது. அதே 2015-இல் வேறு ஆய்வாளர்கள் கென்யாவின் தரவுகளை மறுபடி அலசி, கணக்கில் பிழைகள் உண்டு என்றார்கள். பொருளாதார அறிஞர்களும் மருத்துவப் புள்ளியியலாளர்களும் கடுமையாக மோதிக்கொண்டார்கள். பத்தொன்பது வயதில் இரு பக்கத்தையும் படித்து, "எனக்கு இதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது?" என்று எண்ணாகச் சொல்லிப் பழகும் மாணவிக்கு, பிற்காலத்தில் அமைச்சகத்திலோ மருத்துவமனையிலோ எந்த அறிக்கை வந்தாலும் வாசிக்கத் தெரியும். இந்தக் குழுக்களின் சிறந்த விளைவு இதுவே என்று நினைக்கிறேன்.

இப்படி ஒரு குழுவைக் கட்டிக் காப்பது கடினம். நடத்துபவரே தேர்வு எழுதும் மாணவர். மூன்றாண்டில் பட்டம் வாங்கிப் போய்விடுவார். அவரோடு குழுவும் போய்விடும். இதற்காகவே ஆக்ஸ்ஃபோர்டைச் சார்ந்து வளர்ந்த 'சென்டர் ஃபார் எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்' புதிதாகக் குழு தொடங்கும் மாணவர்களுக்கு ஒரு திட்டம் நடத்துகிறது. ஏற்கெனவே குழு நடத்தி அனுபவப்பட்ட ஒருவர் வழிகாட்டியாக அமர்த்தப்படுகிறார்; முதல் கூட்டத்துக்கு ஆளை எப்படி அழைப்பது, விவாதத்தை எப்படி நடத்துவது, அடுத்தவரிடம் எப்படி ஒப்படைப்பது என்று தொடர்ந்து பேசுகிறார். பாடத்திட்டமும் செலவுக்குப் பணமும் கிடைக்கின்றன. நடத்துபவருக்கே உதவித்தொகை கொடுக்கும் நன்கொடையாளர்களும் உண்டு.

பணம் வந்தபோதுதான் பாதை வழுக்கியது. 2012-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சாம் பேங்க்மேன்-ஃபிரைடு என்ற மாணவரைச் சந்தித்த மெக்காஸ்கில், நிறையச் சம்பாதித்து நிறையக் கொடுப்பதும் ஒரு வழி என்று விளக்கினார். பத்தாண்டுக்குள் அந்த மாணவர் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தையின் அதிபரானார். 2022-இல் அவருடைய அறக்கட்டளைப் பணம் இயக்கத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் சரிந்தது. வாடிக்கையாளர்களின் 800 கோடி டாலருக்கு மேல் காணாமல் போயிருந்தது. மோசடிக்காக 2024 மார்ச்சில் அவருக்கு 25 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நல்ல காரியத்துக்குத்தானே என்று சொல்லிக்கொண்டு எந்த வழியிலும் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்று உலகமே பார்த்தது. அதுவரை பெருமையோடு தங்களை இந்த இயக்கத்தார் என்று சொல்லிக்கொண்ட மாணவர்கள் பலர் அந்தப் பெயரைச் சொல்லவே கூசினார்கள்.

மோசடி ஒருவருடையது. ஆனால் மாணவர் குழுக்களுக்குள் வேறொரு கோளாறும் இருந்தது. அதை எழுப்பியவர்கள் உள்ளே இருந்தவர்களேதான். எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று தலை எண்ணத் தொடங்கினால், எதிர்க்கேள்வி கேட்பவர் தடையாகத் தெரிவார். தலையாட்டுபவர் முன்னுக்கு வருவார். இலவசச் சாப்பாடும் பயணச் செலவும் கொடுத்து, முடிவை ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டு விவாதம் நடத்தினால் அது ஆள் சேர்ப்பு. இந்தக் கவலை இப்போது கூடியிருக்கிறது. சமீப ஆண்டுகளில் இயக்கத்தின் கவனம் செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகள் பக்கம் வெகுவாகச் சாய்ந்துவிட்டது. 80,000 ஹவர்ஸ் அமைப்பே 2025-இல் அதைத் தன் மையமாக்கிக்கொண்டது. ஹார்வர்டிலும் ஸ்டான்ஃபோர்டிலும் அதற்கென்றே தனி மாணவர் குழுக்கள் இருக்கின்றன. அது முக்கியமான பிரச்சினை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எட்டு வாரம் சுயமாக யோசி என்று சொல்லிவிட்டு எல்லோரையும் ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது சரியாகாது. மலேரியாவையும், வண்ணப்பூச்சில் கலந்த ஈயத்தையும், கூண்டில் அடைத்த கோழிகளையும் தேர்ந்தெடுக்கும் மாணவருக்கும் அதே அறையில் அதே மரியாதை வேண்டும்.

நமக்கும் இதற்கும் தொடர்பு இல்லாமல் இல்லை. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து ஒப்பிடும் ஆய்வு முறையை இந்தக் குழுக்கள் மதிக்கின்றன. அதை வறுமை ஒழிப்பில் பரவலாக்கிய ஜே-பால் ஆய்வு மையத்தை 2003-இல் நிறுவிய மூவரில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த செந்தில் முல்லைநாதன். மற்ற இருவரான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோருக்கும் கிரெமருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஜே-பாலின் தெற்காசியக் கிளை 2007-இல் சென்னையில்தான் தொடங்கியது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் கல்லூரி மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். மரம் நடுவார், ரத்த தான முகாமில் நிற்பார், ஒரு வாரம் கிராமத்தில் தங்குவார். அந்த அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை; எத்தனையோ பேருக்கு ஊரின் இன்னொரு பக்கம் தெரிந்தது அங்கேதான். ஆனால் 240 மணி நேரத்தைக் கேட்டு வாங்கும் கல்லூரி, அதற்குப் பிறகு வரும் 80,000 மணி நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எந்த நிறுவனம், எவ்வளவு சம்பளம் என்பதோடு நின்றுவிடுகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குச் சம்பளமே முதல் கேள்வி. கடன் அடைய வேண்டும், தங்கை படிக்க வேண்டும். அதை மறந்துவிட்டுப் பேசும் எந்த வழிகாட்டுதலும் நம்மூரில் எடுபடாது. சம்பளத்தை முதல் கேள்வியாக வைத்துக்கொண்டே, நான் போனால் என்ன மாறும் என்ற இரண்டாவது கேள்வியையும் கேட்க ஓர் இடம் வேண்டும்.

அதற்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெயரோ வெளிநாட்டுப் பணமோ தேவையில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் பூட்டாத ஒரு வகுப்பறையும், எட்டு வாரத்துக்குப் படிக்கத் தமிழில் சில கட்டுரைகளும் இருந்தால் தொடங்கலாம். பொதுச் சுகாதாரத் துறையிலோ புள்ளியியலிலோ வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் மாதம் ஒருமுறை தொலைபேசியில் கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதியாண்டுத் தேர்வுக்கு முன்பே இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, மூன்று வாரம் வந்துவிட்டு நின்றுபோன அந்தப் பையன் ஏன் வரவில்லை என்று சொல்லிக்கொடுக்கும் ஓர் அக்காவோ அண்ணனோ வேண்டும்.