கடித்தது எந்தப் பாம்பு?

பாம்புக்கடிபட்டவரை அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துவரும் உறவினர்களுள் சிலர், அடித்துக் கொன்ற பாம்பையும் பையிலிட்டுக் கொண்டுவருகின்றனர். இன்ன பாம்பு என்று தெரிந்தால்தான் மருத்துவர் உரிய மருந்தைக் கொடுக்க இயலும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். அது தேவையில்லை. நம் நாட்டில் பயன்படும் நஞ்சுமுறி மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராக ஒன்றாகவே தயாரிக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சை, 1978இல் தொடங்கப்பட்டு மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. பாம்பைத் தேடியலைவதில் காலம் வீணாகிறது. இரண்டாவதாக ஒருவரும் கடிபட நேர்கிறது. இறந்த பாம்பின் தலைகூடச் சிறிது நேரம் வரை கடிக்கக்கூடும்.

எனினும் நம் வீட்டைச் சுற்றி உலவும் பாம்புகளை அடையாளம் அறிந்திருப்பது நன்று. எலியைத் தேடி வரும் சாரைப்பாம்பைப் பலர் நல்ல பாம்பென்று அஞ்சி அடிக்கின்றனர். சாரைக்குக் கண்கள் பெரியவை, படம் எடுக்காது, நஞ்சும் இல்லை. ஆனால் நல்ல பாம்பும் எப்போதும் படம் விரித்தே இருப்பதில்லை என்பதை மறத்தலாகாது. குளத்தங்கரையில் காணும் தண்ணீர்ப்பாம்பு சினந்து கடிக்கும்; நஞ்சற்றது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டுப் புகையைக் காண மரமேறும் என்பது வெறுங்கதை. பாவம், அது பல்லியையும் தவளையையும் தின்று வாழும் நஞ்சில்லாப் பாம்பு.

கண்ணாடி விரியனின் தடித்த பழுப்பு உடலில், கரிய விளிம்புடைய முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலிபோல் மூன்று வரிசையாக அமைந்திருக்கும். அது பெருமூச்சுவிடுவதுபோல் உரக்கச் சீறும். மலைப்பாம்புக் குட்டி என்று கருதி அதைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. சுருட்டை விரியன் சிறியது; உடலை வளைத்துச் செதில்களை உரசி ஒலி எழுப்பும்.

மிகுந்த கவனம் வேண்டுவது கட்டுவிரியனிடம். பளபளக்கும் கருநிற உடலில் மெல்லிய வெண்பட்டைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். கழுத்தருகே மங்கலாகவும் வாலை நோக்கித் தெளிவாகவும் தோன்றும். இதை ஒத்த வெள்ளிக்கோல் வரையன் நஞ்சற்றது. அதற்குப் பட்டைகள் கழுத்திலிருந்தே தெளிவாகத் தொடங்கி வாலருகே மங்கும். இந்த வேறுபாட்டை இருட்டில், பதற்றத்தில், நகரும் பாம்பிடம் காண்பது எளிதன்று. ஆகவே கடி நேர்ந்தபின், ‘இது நஞ்சில்லாததுதான்’ என்று வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டாம்.

கட்டுவிரியன் இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கிறது. வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. பல் பதிந்த தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார்கள். அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்கும் வேளையில் இமைகள் சரியும், பேச்சுக் குழறும், விழுங்க இயலாது போகும், இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். தரையில் படுத்துறங்கியவருக்குக் காலையில் காரணமின்றி வயிற்றுவலியும் இமைச்சரிவும் கண்டால், பாம்பை எவரும் பாராவிடினும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். உரிய காலத்தில் செயற்கைச் சுவாசம் கொடுத்தால் பிழைக்கவைக்க இயலும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாயின் அடியில் நன்கு செருகிக்கொள்வதும் இக்கடியைப் பெரிதும் தடுக்கும்.

மருத்துவமனையில் நாங்கள் பாம்பைவிட நோயாளியின் உடலையே கவனிக்கிறோம். சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறோம். உறையாவிடில் விரியனின் நஞ்சு ஏறியிருப்பது தெரியவரும். கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தையும் தாக்குவதால் சிறுநீரின் அளவையும் கேட்டுக்கொண்டே இருப்போம். குழந்தைக்கும் பெரியவருக்கும் முறிமருந்தின் அளவு ஒன்றே. பாம்பு ஆளின் எடை பார்த்து நஞ்சைச் செலுத்துவதில்லை அல்லவா! நலமாகத் தோன்றுபவரையும் 24 மணி நேரம் இருத்திவைப்பது, நஞ்சின் அறிகுறிகள் தாமதித்தும் தோன்றக்கூடும் என்பதனால்தான்.

மந்திரத்தாலும் பச்சிலையாலும் பிழைத்ததாகச் சொல்லப்படுவோர், நஞ்சில்லாப் பாம்பால் கடிபட்டவர்களாகவோ, நஞ்சுள்ள பாம்பு கடித்தும் நஞ்சு இறங்காதவர்களாகவோ இருந்திருப்பர்.

கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்கவையுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் அந்தக் கையையோ காலையோ மட்டையுடன் சேர்த்து, இறுக்காமல் கட்டி அசையாது வைத்து, 108 ஊர்தியை அழையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கீறுதல், உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்கிக் கட்டுதல் கூடாது. எவரேனும் முன்பே இறுகக் கட்டியிருந்தால், வழியில் அவிழ்க்காமல் அப்படியே அழைத்து வாருங்கள். தேங்கிய நஞ்சு ஒருசேர உடலில் பரவக்கூடுமாதலால், மருத்துவர் முன்னிலையில்தான் அதைத் தளர்த்த வேண்டும்.