சோதனையில் தேறிய கணினி

பினாங்குத் தீவின் தென்பகுதியில் உள்ள பாயான் லெப்பாஸ் ஒரு காலத்தில் நெல்வயல்கள் சூழ்ந்த ஊராக இருந்தது. 1972ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை அங்கே அமைத்தது. கணினிச் சில்லுகளை உறையில் பொருத்துவதும் சோதிப்பதும் அத்தொழிற்சாலையின் முக்கியப் பணிகளாகும்.

சில்லுகளைச் சோதிக்கப் பல கருவிகள் உள்ளன. ஒரு கருவி சில்லுக்கு மின்சமிக்ஞைகளை அனுப்பி, திரும்பி வரும் விடை சரியானதா என ஒப்பிடுகிறது. மற்றொன்று சில்லை அதிக வெப்பத்திலும் உயர்ந்த மின்னழுத்தத்திலும் இயக்குகிறது. குறையுள்ள சில்லு, பயனர் கைக்குச் சென்று சில மாதங்களில் பழுதடையக்கூடும். இச்சோதனையிலோ அக்குறை விரைவில் வெளிப்பட்டுவிடும்.

எனினும், எல்லாக் குறைகளையும் கருவிகளால் கண்டறிய இயலாது. மடிக்கணினி கைக்கு வசதியாக இருக்கிறதா என்பதை மனிதர்தாம் சொல்ல வேண்டும். அதற்காகவே முன்மாதிரிகள் உருவாக்கப்படுகின்றன. 2010ஆம் ஆண்டு டிசம்பரில் கூகுள் நிறுவனம் 'சிஆர்-48' என்னும் மடிக்கணினியை விற்பனை செய்யாமல், சோதித்துப் பார்ப்பதற்காகப் பயனர்களுக்கு வழங்கியது. கருநிற மேற்பரப்பில் எந்த நிறுவனத்தின் சின்னமும் இல்லை. அதன் சேமிப்பகம் 16 ஜிகாபைட் மட்டுமே. கோப்புகளை இணையத்தின்வழி தொலைவிலுள்ள கணினிகளில் சேமிக்கும் மேகக் கணிமைக்காகவே அது வடிவமைக்கப்பட்டது. அதன் தொடுபலகை சரிவர இயங்கவில்லை எனப் பலர் குறை கூறினர். 2011ஆம் ஆண்டில்தான் சாம்சுங், ஏசர் நிறுவனங்களின் குரோம்புக் மடிக்கணினிகள் விற்பனைக்கு வந்தன.

இவ்விரு சோதனைகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு உண்டு. கருவி, முன்னரே தெரிந்த கேள்விகளை ஒவ்வொரு சில்லிடமும் தவறாமல் கேட்கிறது. முன்மாதிரியோ, வடிவமைப்பாளர் எண்ணிப் பாராத கேள்விகளையும் பயனர்மூலம் வெளிக்கொணர்கிறது. ஒன்றின் பணியை மற்றொன்று செய்ய இயலாது.

தொழிற்சாலையில் கண்டறியப்படும் குறையால் ஒரு சில்லு மட்டுமே வீணாகும். மடிக்கணினியில் பொருத்திய பின் தெரிந்தால், அதனைப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும். வகுப்பில் தெரிந்தாலோ, மாணவரின் பாடமே தடைபடும். மேகக் கணிமையில் மடிக்கணினி மட்டுமன்றி, கோப்புகளைக் காக்கும் தொலைதூரக் கணினிகளும் பழுதின்றி இயங்க வேண்டும்.

ஜார்ஜ்டவுனில் ஒரு மாணவி மடிக்கணினியைத் திறந்து, நேற்று எழுதிய கட்டுரையை இன்று தொடர்கிறாள். அவளுக்குத் தெரியாமலேயே பலருடைய பொறுமையான சோதனைகள் அவளது உழைப்பைக் காத்து நிற்கின்றன.