திரையில் வரும் ரோகமும் பருத்திக் காட்டு ரோகமும்

தமிழ்த் திரையில் கதாநாயகனுக்கு நேரும் நோய் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. 1961-இல் வெளிவந்த 'பாலும் பழமும்' படத்தில், புற்றுநோய்க்கு மருந்து தேடும் வைத்தியரை மணந்த செவிலிக்குக் காசம் காண்கிறது. அதன்பின் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில், புற்றுநோயாளியான கணவனைக் காப்பாற்றும் பொறுப்பு அவன் மனைவியை முன்னொரு காலத்தில் நேசித்த வைத்தியனின் கையில் விழுகிறது. 1982-இல் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்ற இரண்டு படங்களிலும் காதல் கனிந்து வரும் வேளையில் கதாநாயகனைப் புற்றுநோய் பற்றிக்கொள்கிறது. தகப்பன் வழியில் வந்ததா, குடித்த தண்ணீரில் வந்ததா, செய்த தொழிலில் வந்ததா என்ற விசாரணை இந்தக் கதைகளுக்குத் தேவைப்படவில்லை. நோய் என்பது அங்கே விதியின் மறுபெயர். கண்ணீர் வரவேண்டிய இடத்தில் அது வந்து சேர்ந்தால் போதும்.

தொலைக்காட்சி வந்த பிறகு நிலைமை சற்று மாறியிருக்கிறது என்றாலும், மாறிய விதம் விசித்திரமானது. நம் குடும்பத் தொடர்களில் ஆஸ்பத்திரிக் காட்சி இல்லாத மாதம் கிடையாது. ஆனால் அங்கே டி.என்.ஏ. சோதனை என்று ஒன்று வருமானால், அது நோயின் மூலத்தை அறிவதற்காக அன்று, குழந்தை யாருடையது என்று நிரூபிப்பதற்காகவே வருகிறது. சுற்றுப்புறத்திலிருந்து வரும் நஞ்சோ, வில்லி பாலில் கலந்து கொடுக்கும் விஷத்தோடு முடிந்துபோகிறது. அத்தை மகனும் மாமன் மகளும் மணமேடை ஏறுவதற்காக ஆயிரம் அத்தியாயங்கள் காத்திருக்கும் தொடரில், அந்த மணத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பரம்பரை நோய் வந்ததாக ஒரு வரி கூட எழுதப்படுவதில்லை. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் திருமணங்களில் 100-க்கு 28 சொந்தத்தில் நடப்பவை என்பதை நினைத்தால், இந்த மௌனம் தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. பார்ப்பவர்கள் வீட்டுச் சுவரிலேயே அந்தக் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறதே! நடிகை அமலா வைத்தியராக நடித்து 2014-இல் ஜீ தமிழில் ஒளிபரப்பான 'உயிர்மெய்' போன்று ஆஸ்பத்திரியையே களமாகக் கொண்ட தொடர்கள் நம் மொழியில் அபூர்வம்.

ஆகையால், நோயின் காரணத்தைத் துப்பறிந்து சொல்லும் கதை வேண்டுமென்பவர்கள் அமெரிக்கத் தொடர்களைத்தான் நாடவேண்டியிருக்கிறது. 2004 முதல் 2012 வரை 177 அத்தியாயங்கள் ஓடிய 'ஹவுஸ்' அவற்றில் மிகப் பெயர் பெற்றது. அதில் வரும் வைத்தியர் கால் ஊனமானவர், வாய்த்துடுக்கு மிக்கவர். தம் சீடர்களை நோயாளியின் வீட்டுக்குத் திருட்டுத்தனமாக அனுப்பி, குளியலறை அலமாரியையும் அடுப்படியையும் துழாவச் செய்து, நோய்க்கு மூலமான பொருளைக் கண்டுபிடிப்பவர். 2005 ஜனவரியில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தில் பள்ளி மாணவன் ஒருவன் மயங்கி விழுகிறான். பின்னர் இன்னொருவனும் விழுகிறான். இருவரும் தெருவில் லாரியில் வைத்து விற்ற புதிய ஜீன்ஸ் கால்சட்டையை வாங்கித் துவைக்காமல் அணிந்தவர்கள் என்பதும், அந்தத் துணியில் பாஸ்மெட் என்ற பூச்சிமருந்து ஊறியிருந்தது என்பதும் முடிவில் தெரியவருகின்றன. அதே தொடரில் 'தேர்ட்டீன்' என்று அழைக்கப்படும் பெண் வைத்தியர், தம் தாயைக் கொன்ற ஹண்டிங்டன் நோய் தமக்கும் உண்டா என்று அறிய அஞ்சி அஞ்சி, கடைசியில் சோதித்து, உண்டு என்று அறிந்துகொள்கிறார்.

இந்த இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தொலைக்காட்சியின் சுபாவம் விளங்கும். முக்கால் மணி நேரத்திற்குள் ஒரு குற்றவாளி பிடிபட்டாக வேண்டும்; அவன் ஒருவனாகவே இருக்கவேண்டும். பரம்பரைக் கதையென்றால் ஒரே ஒரு மரபணு, சூழ்நிலைக் கதையென்றால் ஒரே ஒரு கால்சட்டை. ஹண்டிங்டன் நோய் இதற்கு வெகு பொருத்தமானது. 1993-இல் அடையாளம் காணப்பட்ட அந்த மரபணுவில் பழுதுபட்ட பிரதி ஒன்றைப் பெற்றோரில் ஒருவர் வைத்திருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்து சேரச் சரிபாதி வாய்ப்புண்டு, முழு அளவில் பழுதுபட்டது வந்து சேர்ந்தவருக்கு ஆயுள் இருந்தால் நோயும் நிச்சயம். ஆனால் அவ்வாறு ஒரே மரபணு தலையெழுத்தைப் போல் எழுதிவிடும் நோய்கள் உலகில் அரியவை. அந்த அரியதையே மாதிரியாக எடுத்துக் காட்டிக் காட்டி, மரபணு என்றாலே மாற்றமுடியாத விதி என்ற எண்ணத்தை ஜனங்கள் மனத்தில் இந்தத் தொடர்கள் ஊன்றிவிட்டன. (நம்மவர்கள் இதிலும் ஒருபடி மேலே போனார்கள். 2011-இல் வந்து தொலைக்காட்சியில் இன்றும் மறு ஒளிபரப்பாகும் 'ஏழாம் அறிவு' படத்தில் போதிதர்மரின் வித்தைகளே அவர் சந்ததியின் மரபணுவில் உறங்கிக் கிடந்து விழித்தெழுகின்றன!)

இந்த எண்ணம் நம் ஊர்ப்புறத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பெரம்பலூரிலிருந்து சென்னைச் சாலையில் வடக்கே சிறிது தூரம் சென்றால் ரஞ்சன்குடி. ஊர்ப்புறமெல்லாம் மானாவாரிக் கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமுமே இந்த மாவட்டத்தின் ஜீவனம். இப்பக்கத்துத் தேநீர்க் கடை எதிலும் காலை வேளையில் கேட்கக்கூடிய சம்பாஷணை இது:

"என்ன மாமா, பெரம்பலூர் போயிட்டு வந்தீங்களாமே, டாக்டர் என்ன சொன்னாரு?"

"சுகர்தான் மாப்ள. அப்பாவுக்கு இருந்துச்சான்னு கேட்டாரு, இருந்துச்சுன்னேன். பரம்பரைன்னுட்டாரு."

அத்துடன் விசாரணை முடிந்தது. பரம்பரை என்று சொல்லிவிட்டால் மூன்று வேளைச் சோற்றையும் குறைக்கவேண்டியதில்லை, கொல்லைக்கு நடந்து போகாமல் வண்டியில் போவதையும் நிறுத்தவேண்டியதில்லை என்ற ஆறுதல் மாமாவுக்கு உண்டாகிறது. பரம்பரை என்பது பொய்யன்று. ஆனால் ஒரே மரபணு செய்யும் காரியமன்று, சிறிது சிறிதாகத் தூண்டும் மரபணுக்கள் பல. அவருடைய பாட்டனாரிடமும் அவை இருந்திருக்கும். கம்பங்கூழும் களத்து வேலையும் அவற்றைத் தலைதூக்க விட்டிரா. புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக் குழுவினர் ஆராய்ந்து கண்ட ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கத்துக் கிராமக் குழந்தைகள் பிறக்கும்போது சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ, ஆயினும் நம் குழந்தைகளின் சிறிய உடலில் குறைந்திருப்பது தசையே, கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. தாயின் கர்ப்பத்தில் கிடைத்த ஆகாரமும் சூழ்நிலைதானே! பிறக்கும்போதே உடன் வருவதால் அதையும் நாம் பரம்பரைக் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இனி, கால்சட்டையிலிருந்த பாஸ்மெட்டுக்கு வருவோம். அது ஆர்கனோபாஸ்பேட் என்ற ரசாயன வகுப்பைச் சேர்ந்தது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரொபெனோபாஸ் என்று நம் பூச்சிமருந்துக் கடை அலமாரிகளில் ஆண்டுக்கணக்காக அடுக்கியிருந்தவையெல்லாம் அதன் உடன்பிறப்புகள். அமெரிக்க மாணவனின் கால்சட்டையில் தற்செயலாக ஊறிய வஸ்து, பருத்திக்கு மருந்தடிக்கும் கூலியாளின் கைலியில் வழக்கமாக ஊறுகிறது. அவன் டப்பாவின் மூடியாலேயே மருந்தை அளந்து, குடத்துத் தண்ணீரில் ஊற்றி, கிடைத்த குச்சியால் கலக்கி, முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு புறப்படுகிறான். துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான். அது சற்று நேரத்தில் வியர்வையிலும் மருந்திலும் நனைந்து, காக்கவேண்டிய துணியே மருந்தை மூக்கருகில் வைத்துக்கொண்டிருக்கும் கருவியாகிவிடுகிறது. டேங்கின் மூடி இறுகவில்லையானால் முதுகு வழியாக இடுப்பு வரை கசியும். நாஸில் அடைத்துக்கொண்டால் வாயை வைத்து ஊதுவான். 2017-இல் மகாராஷ்டிரத்து யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அதே பருவத்தில் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் மாண்டனர். பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தனர். யவத்மாலில் அந்த ஆண்டு செடி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்ததால், அடித்த மருந்து முகத்துக்கே திரும்பியது என்று சொன்னார்கள்.

நம் உடலில் தசையை இயக்குமாறு நரம்பு சொல்வது அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வாயிலாக. மடையைத் திறந்துவிடுபவன் இந்த அசிட்டைல்கோலின் என்றால், வேண்டிய அளவு பாய்ந்ததும் ஓடிவந்து அடைப்பவன் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட் மருந்து இந்த அடைப்பவனின் கையைக் கட்டிப்போடுகிறது. கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் பெருகி, மார்பில் நீர் கோத்து, தசை துடித்துச் சோர்ந்து மூச்சு நிற்கும் நிலை அதனால் வருகிறது. அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டு ஆளை மீட்கவேண்டும்.

இதே நொதிக்கு இரத்தத்தில் சகோதரம் ஒன்று உண்டு. அதன் பெயர் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ். உள்ளே நுழையும் விஷத்தில் ஒரு பங்கைத் தன்மேல் தாங்கிக்கொள்வது இதுவே. பூச்சிமருந்து குடித்தவர்களையும் மருந்தடித்து மயங்கியவர்களையும் கொண்டுவந்து கிடத்தினால், ஆஸ்பத்திரியில் இரத்தமெடுத்து அளப்பதும் பெரும்பாலும் இதைத்தான். அளவு தாழ்ந்திருந்தால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

ஆனால் எக்காலத்தும் அப்படிப் பொருள் கொள்ள முடியாது. சிலருக்கு இந்த நொதி பிறவியிலேயே குறைவு. வைசிய வகுப்பினரிடையே இக்குறை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அதற்குரிய மரபணுப் பிழையையும் தமிழ்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பல தலைமுறைகளாகத் தங்களுக்குள்ளேயே கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொண்டதால், முன்னோர் ஒருவரிடம் இருந்த பிழை வகுப்பு முழுவதும் பரவி நின்றுவிட்டது. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் இரண்டு பழுதான பிரதிகள் வந்து சேர்ந்தவருக்குத்தான் குறை முழுதாக வெளிப்படும். சொந்தத்தில் மணப்பதால் கூடும் அபாயமும் இதே கணக்கில் வருவதுதான். அவ்வாறு பிறந்தவர் எழுபது வயது வரை எந்தத் தொந்தரவும் இன்றி வாழ்ந்துவிட்டுப் போகலாம். என்றேனும் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்து, தசையைத் தளர்த்துவதற்காக 'ஸ்கோலின்' என்ற ஊசியைப் போட்டால்தான் விபரீதம். மற்றவர்களுக்குச் சில நிமிஷங்களில் தெளியும் அது, இவருக்கு மணிக்கணக்கில் தெளியாது. மூச்சுக் கருவியின் துணையோடு அதுவரை காத்திருக்கவேண்டும்.

இவருடைய நோய்க்குக் காரணம் பரம்பரையா, சூழ்நிலையா? ஊசி இல்லையேல் மரபணு ஊமை. மரபணு இல்லையேல் ஊசி சாது. அவரையே பருத்திக் காட்டில் நிறுத்திக் கையில் தெளிப்பானையும் கொடுத்தால், விஷத்தைத் தாங்கிக்கொள்ளும் முதல் அரண் அவருக்குப் பிறவியிலேயே மெல்லியது. அவர் மயங்கி விழுந்து, இரத்தத்தில் நொதியும் தாழ்ந்திருந்தால், அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு குற்றவாளி ஒருவனைச் சுட்டிக்காட்ட எந்தத் தொலைக்காட்சி வைத்தியராலும் ஆகாது. ஆயினும் கதாசிரியர் கையில் அகப்பட்டால் இது எப்படி முடியும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. திரைச்சீலை விலகும்போது மரபணுவே குற்றவாளியாக நிற்கும், ஏனென்றால் அதுவே ஆச்சரியமான முடிவு. பூச்சிமருந்து கொன்றது என்பதில் மர்மம் ஏது? ஊரார் அனைவருக்கும் முதல் நிமிஷத்திலேயே தெரிந்த குற்றவாளியை வைத்து யார் தொடர் எடுப்பார்கள்? மரபணு மீது பழி விழுந்தால் இன்னொரு சௌகரியமும் உண்டு. கடைக்காரர், கம்பெனிக்காரர், கவசமின்றி வேலைக்கு அனுப்பியவர் ஆகியோரில் எவரையும் கதைக்குள் அழைக்கவேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் 1974 முதல் ஒரு விதி இருந்துவருகிறது. ஆர்கனோபாஸ்பேட் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளிக்கு, வேலை தொடங்குமுன் இரத்தமெடுத்து, அவருடைய இயல்பான நொதி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஆள் பிறவியிலேயே அளவு வேறுபடுவதால், ஊர்ச் சராசரியோடு ஒப்பிடாமல் அவரவரது பழைய அளவோடேயே ஒப்பிடுகிறார்கள். அது 100-க்கு 80-க்குக் கீழே இறங்கினால் வேலை நடக்கும் முறையைச் சோதிக்கவேண்டும். சிவப்பணுக்களில் உள்ள நொதி 70-க்கோ, நீர்ப்பகுதியில் உள்ளது 60-க்கோ இறங்கிவிட்டால், அவரை மருந்தின் பக்கமே விடாமல் விலக்கி வைத்து, மறுபடி 80-க்கு ஏறிய பிறகே வேலைக்குச் சேர்க்கவேண்டும். இரத்தத்தில் வந்ததையும் காட்டில் வந்ததையும் பிரித்தறிய இதைவிட எளிய உபாயம் இல்லை. இரண்டு வேளை இரத்தமெடுத்து இரண்டு எண்களை அருகருகே எழுதுவதுதான் அதில் உள்ள வித்தை முழுவதும்.

நம் பக்கத்தில் இந்தச் சோதனை பெரும்பாலும் ஆள் விழுந்த பின்னரே நடக்கிறது. அப்போது வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிச்சாரு? டப்பாவை எடுத்துட்டு வந்திருக்கீங்களா?" என்பது. கூட வந்தவர்களோ, பைக்கின் நடுவில் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்த அவசரத்தில் டப்பாவை வரப்பிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.