வீரமாமுனிவர்: பெயர்ப்பொருளும் எதுகையும்

அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தமிழ்ப்பணி ஆற்றிய இத்தாலியர் வீரமாமுனிவர் (1680–1747). அவர்தம் இயற்பெயராகிய கான்சுடன்டைன் என்பது 'நிலைத்த உறுதி' எனப் பொருள்படும் இலத்தீன் அடியிற் பிறந்தது. தமிழில் தைரியநாதர் எனவும் வழங்கப்பெற்றார். தைரியம் என்னும் வடசொல்லும் முதற்கண் மனவுறுதியையே குறித்தது. அஞ்சாமைப் பொருள் பின்னர் மேலோங்கிற்று. வீரமாமுனிவர் என்னும் பெயரில் அப்பின்னைப் பொருளே நிலைபெற்றது என யாம் கருதுகின்றோம். எனவே, இப்பெயர் ஒன்றையே கொண்டு மூலப்பொருளைத் துணிதல் பொருந்தாது.

இனி, ஓசையை நோக்குவோம். வீரம் என்பதனோடு ஈரம் என்பது மேனாட்டு இயைபிலும் தமிழ் எதுகையிலும் ஒக்கும். ஓரம், பாரம் என்பனவோ, முதலெழுத்து அளவொத்து இரண்டாமெழுத்து ஒன்றுதலின் எதுகையாம். உயிர் வேறுபடுதலின் மேனாட்டு இயைபாகா. முனிவர், 1732இல் இயற்றிய சதுரகராதியின் நான்காம் பகுதியைத் தொடைக்கென வகுத்தார் என்க.