முயல் பண்ணைக்கு முதலீடு தழை

முயல் வளர்ப்பு என்றதும் எல்லோரும் சொல்வது அதன் பெருக்கத்தைத்தான். சினைக்காலம் 31 நாள், ஈற்றுக்கு 6 முதல் 8 குட்டிகள், 12 வாரத்தில் ஏறத்தாழ 2 கிலோ எடை. கணக்கு சரிதான். ஆனால் வேகம்தான் அளவுகோல் என்றால் கறிக்கோழி முயலை முந்திவிடும். முயலின் பலம் தீனியில் இருக்கிறது. கோழித் தீவனத்தில் பெரும்பங்கு மக்காச்சோளமும் சோயாவும். முயலோ நாம் உண்ணாத வேலிமசாலையும் அகத்தித் தழையையும் இறைச்சியாக்குகிறது. தின்ற தழையின் முரட்டு நார் உருண்டைப் புழுக்கையாக வெளியேறிவிடும். நுண்ணிய பகுதி, சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் உள்ள பெரிய பையில் தங்கி நுண்ணுயிர்களால் நொதிக்கும். அதிலிருந்து வரும் மென்மையான புழுக்கையில் புரதமும் பி வைட்டமின்களும் உண்டு. அதை முயல் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து விழுங்கிவிடும். இது நோயல்ல, ஒரே தீனியை இருமுறை செரிக்கும் ஏற்பாடு.

அப்படியானால் தழை மட்டும் போதுமா? போதாது. பால் கொடுக்கும் தாய்க்கும் வளரும் குட்டிக்கும் அடர்தீவனம் வேண்டும். ஆனால் தழையைக் கைவிட்டு அடர்தீவனத்தை மட்டுமே கொட்டினால் செலவு ஏறும், நார் குறைந்து கழிச்சலும் வரும். ஆகவே எத்தனை தாய் முயல்கள் என்பதைப் பசுந்தீவன நிலமே முடிவு செய்ய வேண்டும். ஈன்ற மறுநாளே இணை சேர்க்கலாம் என்பது உண்மை. பாலும் சினையும் ஒருசேரத் தாயின் உடம்பைக் கரைத்துவிடும் என்பதும் உண்மை. குட்டிகளைப் பிரித்த பிறகு சேர்த்தால் ஆண்டுக்கு 5 ஈற்று வரை கிடைக்கும். அதுவே நிலைத்த கணக்கு.

வெயில் தாங்காதே என்பது அடுத்த ஆட்சேபம். முயல் வியர்த்துச் சூட்டைத் தணிப்பதில்லை. காது வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற்றுகிறது. 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பம் நீடித்தால் ஆண் முயலின் விந்துத் தரம் கெடும். கொடைக்கானல் மன்னவனூரில் முயல் வளர்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்துக்குக் குளிர் துணை நிற்கிறது. சமவெளிக்காரர்கள் மரநிழலில் ஓலைக் கொட்டகை போட்டு, கடுங்கோடையில் இணை சேர்ப்பதை நிறுத்திவைக்கலாம். கொட்டகைக்குள் உயர்த்திக் கட்டிய கம்பிவலைக் கூண்டில் புழுக்கை கீழே விழுந்துவிடும். கழிச்சல் நோய்க் கிருமி தீனியில் கலப்பது குறையும்.

விற்பனைதான் மெய்யான சிக்கல். குட்டியை விற்பவரே திரும்ப வாங்குவார் என்ற உறுதிமொழியின் மதிப்பு என்ன என்பதை, அது பொய்த்துப்போன 2012இல் கொங்கு மண்டலத்து ஈமு வளர்ப்பாளர்கள் அறிந்தார்கள். கூண்டு வாங்குமுன் வேலிமசால் விதையுங்கள். கறி வாங்க உள்ளூரில் ஆள் உண்டா என்று விசாரியுங்கள். இரண்டும் உறுதியான பிறகு குட்டி வாங்குங்கள்.